துரை பேசிய தமிழ்

மலையகத்தைச் சேர்ந்த இளம் எழுத்தாளர் ஒருவர் தாம் எழுதிவரும் நாவலின் கையெழுத்துப் பிரதியை அண்மையில் என்னிடம் படிக்கத் தந்தார். கதை 1925ஆம் ஆண்டளவில் தேயிலைத் தோட்டமொன்றில் நிகழ்கிறது. விடிந்தும் விடியாத பொழுது. தப்படித்து ஆட்களை எழுப்பியாயிற்று. பெரட்டுக் களத்தில் ஆண்களும் பெண்களும் கம்பளியைப் போர்த்தபடி குளிரில் நிற்கிறார்கள். குதிரையிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரச் சின்னத்துரை அவர்களைப் பார்த்துச் சொல்கிறார்: “தொழிலாளர்களே, இன்று எல்லோரும் ஆறாம் நம்பர் மலைக்குச் செல்லுங்கள்.”

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தச் சின்னத்துரை இப்படிப் பேசியிருப்பார்? கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சங்கத்தை அமைத்ததே 1931இல்தான். அதற்கு ஆறு வருடங்கள் முன்னதாகவே நண்பரின் சின்னத்துரை தொழிற்சங்க மேடையில் நிற்பவர்போலப் பேசுகிறார்.

இதை நான் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “துரைமார் எப்படிப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை, ஐயா. எங்கள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொற்களைக் கேட்டு அழுத சனங்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்தப் புத்தகத்தை வாசிக்கப் போகிறார்கள். இன்னொருமுறை அவர்கள் காதில் அதைப் போட வேண்டுமா?” என்றார்.

இது தட்டிக் கழிக்கக்கூடிய கேள்வியல்ல. கடந்த காலத்தைக் கதையாக்குகிற எவரும், எந்த மொழியில் எழுதினாலும், இதற்குத் தமக்குள் ஒரு பதிலை வைத்திருக்க வேண்டும். ஆகையால் இந்த வாரம் இதைப்பற்றியே பேசலாம் என நினைக்கிறேன்.

முதலில் ‘கூலி’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தமிழில் இது பழுதில்லாத சொல். செய்த வேலைக்குப் பெறுகிற ஊதியம், அவ்வளவுதான். உடல் வருந்த உழைப்பவன் பெறும் பயனைக் குறிக்க வள்ளுவரே இதனை ஆண்டிருக்கிறார். ஆங்கிலத்தில் ‘கூலி’ என்றால் ஊதியமல்ல, ஆள். அது நமது சொல்லிலிருந்து போனதா, குஜராத்துப் பக்கத்துக் கோலி என்ற சமூகத்தாரின் பெயரிலிருந்து வந்ததா, இரண்டும் கலந்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியாயினும், மனிதனைவிட்டு அவனது சம்பளத்தை மட்டும் பெயராக வைத்துவிட்ட ஒரு வழக்கு பேரரசு முழுவதும் பரவியது. இலங்கை, மலாயா, நேற்றால், மொரிஷியஸ், பிரித்தானிய கயானா எங்கும் சட்டப் புத்தகத்திலும் கணக்கேட்டிலும் அந்தச் சொல்தான். ஏசுவதற்காக எழுதியவையல்ல அவை. அரசாங்கத்தின் பார்வையில் அது ஓர் உத்தியோகபூர்வமான பெயர். வெளியே, வீதியில், அதே பெயர் ஏச்சாக இருந்தது.

1893இல் தென்னாபிரிக்காவுக்குப் போன காந்தியடிகளைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்று அழைத்தார்கள். இதனை அவர் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதைவிடச் சுவையான இன்னொரு செய்தியும் அங்கே உண்டு. தமிழர் பெயர்கள் பெரும்பாலும் ‘சாமி’ என்று முடிவதைக் கண்ட வெள்ளையர்கள் இந்தியர்களையே ‘சாமி’ என்று இளக்காரமாக அழைக்கத் தொடங்கினார்கள். சாமி என்றால் எசமானன் என்று பொருள், நான் உமக்கு எசமானன் அல்லவே என்று சில இந்தியர் திருப்பிச் சொன்னார்களாம். அதைக் கேட்டுச் சில வெள்ளையர் கூசினர், சிலர் கோபித்தனர். கடவுளைக் குறிக்கும் சொல்லையே ஏச்சாக மாற்றிக்கொள்ள முடிந்திருக்கிறது என்றால், இழிவு சொல்லுக்குள் இருப்பதில்லை, சொல்லுகிற வாய்க்கும் கேட்கிற காதுக்கும் இடையில் இருக்கிறது என்பது தெளிவு. அகராதியைப் புரட்டி, இது கெட்ட சொல், இது நல்ல சொல் என்று பிரிப்பவர்கள் இந்த இடத்தில் தடுமாறிப் போவார்கள்.

நமது தோட்டங்களுக்கு வருவோம். புதிதாக வரும் சின்னத்துரைமாருக்குத் தமிழ் கற்பிக்கக் கைநூல்கள் இருந்தன. கொழும்பில் பெர்குசன் நிறுவனத்தார் வெளியிட்ட அவ்வாறான ஒரு கைநூலுக்குப் பெயரே ‘இங்கே வா’. இந்தப் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். தமிழில் வா, வாரும், வாருங்கள் என்று படிகள் உண்டு. யாரை எந்தப் படியில் நிறுத்துவது என்பதைச் சின்னப் பிள்ளைகூட அறியும். கப்பலைவிட்டு இறங்கிய இருபது வயது இளைஞனுக்கு ஒரு படிதான் கற்பிக்கப்பட்டது. நரைத்த தலையுடன் நிற்கும் கிழவனுக்கும் வா. பேரன் பேத்தி கண்ட கிழவிக்கும் போ. இதில் ஒரு வசைச்சொல்கூட இல்லை. ஆயினும் நாள் முழுவதும் ஏச்சுத்தான்.

ஆங்கிலத்தில் தோட்டக் கதை எழுதுகிறவருக்கு இந்த வசதி கிடையாது. அந்த மொழியில் கிழவனுக்கும் சிறுவனுக்கும் ஒரே ‘வா’. எனவே இழிவைக் காட்ட அவர் ஏதாவது ஒரு வசைச்சொல்லைத் தேடவேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்தாளனுக்கு ஒரு வினைமுற்றே போதும். சாதி பற்றிய கதைகளிலும் இப்படித்தான். ‘ர்’ என்று முடியவேண்டிய பெயரை ‘ன்’ என்று முடித்தால் போதும், ஒரு முழுச் சமூக அமைப்பும் அந்த ஓரெழுத்தில் வந்து நின்றுவிடும். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் கந்தசாமி ஏன் கந்தனாகவும் வள்ளியம்மை ஏன் வள்ளியாகவும் அழைக்கப்பட்டார்கள் என்று கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. (இந்த உரையை வானொலியில் நிகழ்த்தியபோது ‘வா’ என்பதை இரண்டு விதமாகச் சொல்லிக் காட்ட முடிந்தது. அச்சில் அந்த வசதி இல்லை. வாசகர்கள் தங்கள் மனக்காதால் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.)

ஆகவே நண்பருக்கு நான் சொன்ன முதலாவது விடயம் இது: உமது சின்னத்துரையின் வாயில் வசைகளை அடுக்க வேண்டியதில்லை. யதார்த்தம் என்ற பெயரில் பக்கத்துக்குப் பத்து வசை எழுதுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மூன்றாவது பக்கத்தில் வாசகனுக்குக் காது மரத்துவிடும். ‘செல்லுங்கள்’ என்பதைப் ‘போ’ என்று மாற்றும். அதுவே பெரிய மாற்றம்.

இரண்டாவது, இழிசொற்களுக்கும் பிறந்த தேதி உண்டு. இது பலருக்குத் தோன்றுவதில்லை. நண்பரின் நாவலில் வேறோர் இடத்தில், அதே 1925இல், கடைக்காரன் ஒருவன் தோட்டத்து மனிதரைக் ‘கள்ளத்தோணி’ என்று ஏசுகிறான். இது பொருந்தாது. 1925இல் இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர் கள்ளமாக வரவில்லை. அரசாங்கமும் தோட்டக்காரர்களும் விரும்பி அழைத்தே வந்தார். கங்காணியின் பின்னால், மண்டபம் முகாமில் தங்கி, தலைமன்னார் வழியாகப் புகையிரதத்தில் வந்தார். குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் பிரஜாவுரிமைச் சட்டமும் இயற்றப்பட்டது 1948இல். கடவுச்சீட்டும் விசாவும் கேட்கப்பட்ட பிறகுதான் அவை இல்லாமல் படகேறி வருபவனுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. நூறு வருடங்களுக்கு மேலாகக் காட்டை வெட்டி மலையைத் தோட்டமாக்கிய மக்களின் தலையிலும் பின்னர் அந்தப் பெயர் விழுந்தது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று இரண்டு அரசாங்கங்கள் ஆட்களைப் பங்கிட்டுக்கொண்டபோது அந்தச் சொல்லின் கூர் இன்னும் அதிகமாயிற்று. ஆகவே 1925இல் ‘கள்ளத்தோணி’ என்று ஏசுபவன், 1925இல் வானொலிப் பெட்டியில் செய்தி கேட்கும் தோட்டத் தொழிலாளியைப்போல் ஒரு காலப் பிழை. இந்தப் பிழை சாதாரணமானதுமல்ல. அந்த இழிவைச் சட்டம் பெற்றெடுத்தது என்ற உண்மையை அது மறைத்துவிடுகிறது. எப்போதும் இப்படித்தான் ஏசினார்கள் என்று எழுதிவிட்டால் 1948ஆம் ஆண்டுக்குப் பொறுப்பில்லாமல் போய்விடுகிறது.

இதற்கு மாறாக, 1921இல் ஒழிக்கப்படும் வரை இருந்த ‘துண்டு’ முறையை நண்பர் அருமையாகப் பயன்படுத்தியிருக்கிறார். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் கடதாசிக்குத்தான் துண்டு என்று பெயர். ஆங்கிலச் சட்டத்திலும் அது ‘துண்டு’ என்றே எழுதப்பட்டது. நாவலில் ஒரு கிழவர் ஒழிந்துபோன அந்தத் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு திரிகிறார். அதில் ஏச்சு எதுவுமில்லை. எனக்கோ நாவலிலேயே மிகவும் மனதை வருத்திய இடம் அதுதான்.

இனி, தகாத சொல்லை எழுதலாமா என்ற கேள்வி தமிழுக்குப் புதிதா? இல்லை. அவையில் சொல்லத் தகாத சொற்களை மறைத்துக் கூறவேண்டும் எனத் தொல்காப்பியர் விதித்தார். வழக்கில் பயின்று நிலைத்துவிட்டவற்றை அவ்வாறு மறைக்க வேண்டியதில்லை என்றும் சேர்த்தே சொன்னார். நன்னூலார் இடக்கரடக்கல் என்று அதற்குப் பெயரிட்டு, மங்கலத்துடனும் குழூஉக்குறியுடனும் வைத்தார். ஆனால் இவ்விதிகள் சொல்பவர் தம் வாயால் சபைக்குச் சொல்வதைப் பற்றியவை. கதையில் வரும் பாத்திரம் பேசுவது வேறு. 1960களின் ஆரம்பத்தில் ஈழத்தில் மரபுப் பண்டிதர்களுக்கும் முற்போக்கு எழுத்தாளர்களுக்கும் இடையே நிகழ்ந்த வாதத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பேச்சுத் தமிழில் உரையாடல் எழுதியதையே ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர்கள் சிலர் கண்டித்தார்கள். அந்தப் பெயரைச் சற்று யோசித்துப் பாருங்கள். சனங்களின் பேச்சை இழிவு என்று சொல்வதற்கு அவர்கள் பயன்படுத்திய சொல்லே ஓர் இழிசொல்! கதைகளில் வந்த எந்த ஏச்சைவிடவும் அது பலரை ஆழமாகச் சுட்டது. டானியலும் டொமினிக் ஜீவாவும் எழுதிய மனிதர்களைத்தான் அது சுட்டி நின்றது.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவல் 1885இல் அமெரிக்காவில் வெளியானதும், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கொன்கோர்ட் பொது நூலகம் அதைத் தடை செய்தது. கறுப்பின மக்களைக் குறிக்கும் மிகக் கொடிய இழிசொல் அந்த நாவலில் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. நூலகத்தார் அதைப் பொருட்படுத்தவேயில்லை. நாவல் கரடுமுரடானது, நாகரிகமற்றது, பிள்ளைகள் படிக்கத் தகாதது என்பதுதான் அவர்களது குறை. நமது பண்டிதர்கள் அங்கே போயிருந்தால் கொன்கோர்ட் நூலகத்தில் நல்ல வரவேற்புக் கிடைத்திருக்கும். எழுபது வருடங்களுக்குப் பின்னர், கறுப்பினத்தவரின் குரல் கேட்கத் தொடங்கிய காலத்தில்தான் அந்த இழிசொல் ஒரு பிரச்சினையாக மேலெழுந்தது. 2011இல் அலபாமாவிலுள்ள ஒரு பதிப்பகம், பேராசிரியர் அலன் கிரிபன் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, அச்சொல் வரும் இடமெல்லாம் ‘அடிமை’ என்று மாற்றி ஒரு பதிப்பை வெளியிட்டது. பள்ளிக்கூடங்களில் அந்த நாவல் படிக்கப்படாமலே போய்விடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த காரியம். நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை.

ஆனால் சொல்லை மாற்றினால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நாவலின் தொடக்கத்தில் ஹக்கின் குடிகாரத் தகப்பன் ஒரு கறுப்பினத்தவரைப் பற்றி வயிறெரிந்து பேசுகிறான். அவர் ஒஹாயோவைச் சேர்ந்தவர், பல மொழி அறிந்த கல்லூரிப் பேராசிரியர், வாக்குரிமை உள்ளவர். அதாவது அவர் அடிமை அல்லர். அவர் அடிமையல்ல என்பதுதான் குடிகாரனின் வயிற்றெரிச்சலுக்குக் காரணமே! அங்கே ‘அடிமை’ என்ற சொல்லைப் பொருத்தினால் அந்தக் காட்சி நிற்காது. இன்னொன்று: நாவலின் இறுதியில், ஜிம் விடுதலை பெற்றுப் பல வாரங்களாகிவிட்டன என்பது தெரியவருகிறது. அவனது எசமானி தன் மரணசாசனத்தில் அவனை விடுவித்திருக்கிறாள். சுதந்திர மனிதனாகியும் அவனைச் சங்கிலியில் கட்டிவைத்து அந்தச் சொல்லால்தான் அழைக்கிறார்கள். அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தாலும் அந்தச் சொல் ஒழியாது என்பதை ட்வெயின் காட்டியிருக்கிறார். ‘அடிமை’ ஒரு சட்ட நிலை. அழிக்கப்பட்ட சொல் ஒரு மனநிலை. இரண்டும் ஒன்றல்ல.

அச்சொல்லை நாவல் முழுக்கச் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு வருபவன் ஹக். ஜிம்மைக் காட்டிக்கொடுக்க எழுதிய கடிதத்தை அவனே கிழித்துப் போடுகிறான். அப்படிச் செய்தால் நரகம்தான் என்று தனக்குச் சொல்லித் தரப்பட்டதை நம்பிக்கொண்டே, போனால் போகட்டும் என்று கிழிக்கிறான். அந்த மொழியில் வளர்ந்த பிள்ளை அந்த மொழியை மீறிவிடுகிறான். நல்ல மொழி பேசும் நல்ல பையன் ஒருவன் அந்தக் கடிதத்தைக் கிழித்திருந்தால் நமக்கு அதில் என்ன வியப்பு?

ட்வெயினுக்கும் நமக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. 1896 ஜனவரியில் அவர் கொழும்பில் இறங்கினார். இங்குள்ள மக்களின் உடைகளின் நிறங்களைக் கண்டு மயங்கினார். பின்னர் பம்பாய் போனார். அங்கே ஹோட்டலில் வெள்ளைக்காரர் ஒருவர் இந்திய வேலையாள் ஒருவரின் கன்னத்தில், காரணமும் சொல்லாமல், அறைந்ததைக் கண்டார். ஐம்பது வருடங்களுக்கு முந்திய தமது மிசூரிக் கிராமம் அப்போது அவர் நினைவுக்கு வந்தது. தமது தகப்பனார் பண்பானவர், தம்மை இரண்டே தடவைதான் தண்டித்தவர். ஆயினும் வீட்டிலிருந்த அடிமைச் சிறுவனைச் சின்னத் தவறுகளுக்கெல்லாம் அடிப்பார் என்று, 1897இல் வெளியான பயண நூலில் எழுதியிருக்கிறார். பத்து வயதில் தாம் கண்ட இன்னொன்றையும் எழுதுகிறார்: ஒருவன் தன் அடிமையின் தலையில் இரும்புத்தாதுக் கட்டியை எறிய, அந்த மனிதன் ஒரு மணித்தியாலத்தில் இறந்துபோனான். ஊரில் எவரும் அதைச் சரி என்று சொல்லவில்லை. எவரும் பெரிதாக எதுவும் பேசவுமில்லை. தகப்பனைப் பற்றி இப்படி எழுதத் துணிந்தவருக்குத்தான் பாத்திரங்களின் வாயிலும் அந்தச் சொல்லை வைக்க உரிமை உண்டு என்று நான் கருதுகிறேன். இந்த உரிமைப் பிரச்சினைக்குத் திரும்பி வருகிறேன்.

அதற்கு முன் புதுமைப்பித்தன். மணிக்கொடியில் 1935இல் வந்த அவரது ‘துன்பக்கேணி’, நமது தேயிலைத் தோட்டங்களைப் பகைப்புலமாகக் கொண்டு தமிழில் எழுதப்பட்ட முற்பட்ட கதைகளில் ஒன்று. திருநெல்வேலிச் சேரியொன்றிலிருந்து இங்கு வந்துசேரும் மருதி என்ற பெண்ணை இந்த மலைகள் என்ன செய்தன என்பதே கதை. 2014இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்திலிருந்து இக்கதை நீக்கப்பட்டது. தலித் மக்களை இழிவாகச் சித்தரிக்கிறது என்ற ஆட்சேபமே காரணம். புதுமைப்பித்தனின் அபிமானிகள் கொதித்தெழுந்தார்கள். நானும் அவரது அபிமானிதான். என்றாலும் ஆட்சேபித்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. ஏனெனில் இந்தக் கதையில் சாதிச் சொற்கள் பாத்திரங்களின் வாயில் மட்டும் வரவில்லை, கதைசொல்பவரின் குரலிலும் தடையின்றி வருகின்றன. அக்காலப் பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தான் எழுதின என்பது உண்மை. அது ஆசிரியரை விளங்கிக்கொள்ள உதவும். வகுப்பறையில் அந்த வரி உரத்து வாசிக்கப்படும்போது முன்வாங்கில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மாணவிக்கு அது ஆறுதலாகாது.

தனியே இருந்து ஒரு புத்தகத்தை வாசிப்பதும், நாற்பது பேர் நடுவில் அதைக் கேட்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதியவர் ரொனி மொறிசன். ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலின் 1996ஆம் ஆண்டு ஒக்ஸ்போட் பதிப்புக்கு அவர் எழுதிய முன்னுரையில், சிறுவயதில் அந்நாவல் தமக்குத் தந்த கலக்கத்தை மறைக்காமல் சொல்கிறார். அதேவேளை, நாவலை வகுப்பறையிலிருந்து அகற்றும் முயற்சிகள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காக அல்ல, பெரியவர்களைச் சமாதானப்படுத்தவே செய்யப்பட்டவை என்கிறார். எனது எண்ணமும் அதுவே. ‘துன்பக்கேணி’யை நீக்கியது எளிதான வழி. 1935இல் ஒரு பெரிய கலைஞனின் பேனாவிலேயே அந்தச் சொற்கள் கூச்சமின்றி வந்தன என்பதை வகுப்பில் எடுத்துச் சொல்லி, மருதியின் பக்கம் நின்ற எழுத்தாளனும் எங்கே தன் காலத்துக்குள் சிக்கிக்கொண்டான் என்று மாணவருடன் சேர்ந்து பார்ப்பது கடினமான வழி. கடினமான வழிக்கு நல்ல ஆசிரியர் வேண்டும். அது இல்லாத இடத்தில் நீக்கத்தான் தோன்றும்.

ஆக, கதை எழுதுபவருக்கு இதிலிருந்து கிடைப்பது என்ன? 1925இல் வாழும் துரை 1925இன் வாயால் பேசட்டும். 1925இல் வாழ்ந்த ஒருவரே கதையைச் சொல்வதாக அமைத்தால், அவரும் தம் காலத்து மொழியில் சொல்லட்டும்; ஹக் அப்படித்தான் சொல்கிறான். ஆனால் பாத்திரம் எதுவும் பேசாத இடத்தில், மலையையும் மழையையும் வர்ணிக்கும் இடத்தில், பேசுவது நீர். இன்று வாழும் நீர். அங்கே ‘கூலிகள் மலையேறினர்’ என்று எழுதினால் அது வரலாறல்ல, உமது வாக்குமூலம். “அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள்” என்ற சமாதானம் அங்கே எடுபடாது. நண்பரின் பிரதியில் இது தலைகீழாக இருந்தது. துரை மரியாதையாகப் பேசினார். வர்ணனையில் இரண்டொரு இடங்களில் ‘கூலிச் சனங்கள்’ என்று தவறி வந்திருந்தது.

இப்போது உரிமைப் பிரச்சினை. அந்த நாவலில் யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஒருவர் வருகிறார். தங்கமான மனிதர். லயத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். அப்படிப்பட்டவர்களும் இருந்திருப்பார்கள், மறுக்கவில்லை. ஆனால் நாவல் முழுவதிலும் வருகிற ஒரேயொரு வடபுலத்தவர் அவர்தான், அவர் வாயிலிருந்து கடுஞ்சொல் ஒன்றுகூட வரவில்லை என்பது எனக்கு உறுத்தியது. துருவிக் கேட்டபோது நண்பர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நீங்கள் வாசிப்பீர்கள் என்று தெரியும், ஐயா. மனம் நோகக் கூடாதே என்றுதான்…”

நான் வடக்கில் பிறந்தவன். ‘தோட்டக்காட்டான்’ என்ற சொல்லையும் ‘வடக்கத்தியான்’ என்ற சொல்லையும் சிறுவயதில் நான் எந்த வெள்ளைக்காரனிடமும் கேட்கவில்லை. நம்மவர் வீடுகளில் கேட்டேன். மலையகத்திலிருந்து வேலைக்கென்று கொண்டுவரப்பட்ட பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் எத்தனையோ வீடுகளின் அடுக்களையில் வளர்ந்தார்கள். அவர்களைக் கூப்பிட அந்த வீடுகளில் பெயரா வழங்கியது? அமெரிக்க இழிசொல்லை மேலே நான் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவை இங்கு இல்லை. ஆனால் இந்த இரண்டு சொற்களையும் முழுமையாக எழுதுகிறேன். அவை எங்கள் வாயிலிருந்து வந்தவை. அவற்றைப் புள்ளிக்கோடிட்டு மறைப்பது யாரைக் காப்பாற்ற?

துரையின் வாயில் இழிசொல்லை வைக்க நமக்குத் தயக்கமில்லை. அவர் கப்பலேறிப் போய்விட்டார். எங்கள் கிளாக்கர் எங்கும் போகவில்லை; அவரது பேரப்பிள்ளைகள் இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நாவலாசிரியரின் பாட்டி அந்தச் சொல்லைக் கேட்டிருக்கிறார். பாட்டி கேட்டதை, வாசிப்பவர் மனம் நோகும் என்று பேரன் அழித்துவிட்டால், நோக வேண்டியவர் நோகாமல் தப்பிக்கொள்கிறார். பாட்டிக்கு நேர்ந்தது நேராததாகிவிடுகிறது. அந்தச் சொல்லைக் கிளாக்கரின் வாயில் திரும்ப வையும், அவர் எழுத்துச் சொல்லிக் கொடுக்கும் அதே காட்சியில் வையும் என்றேன். நல்லவராகவும் இருந்தார், அப்படியும் பேசினார் என்பதுதான் கதை. ட்வெயினின் தகப்பனாரைப் போல.

இழிசொல்லுக்கு ஆளானவர்களின் சந்ததியினரே அதைக் கையிலெடுத்துக்கொள்வதும் உண்டு. அது இன்னொரு வகை. ட்வெயின் ஜிம்முக்குக் கொடுக்காத குரலைக் கொடுத்து, கறுப்பின எழுத்தாளரான பெர்சிவல் எவரெட் 2024இல் ‘ஜேம்ஸ்’ என்ற நாவலை எழுதினார். அதில் அந்தக் கொச்சை மொழி, வெள்ளையர் முன்னால் அடிமைகள் போட்டுக்கொள்ளும் வேடம். தமக்குள் பேசும்போது அவர்கள் திருத்தமாகப் பேசுகிறார்கள். 2025இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதேபோல், 1903இல் கல்கத்தாவிலிருந்து கயானாவுக்குத் தனியே கப்பலேறிய தமது பூட்டியின் வரலாற்றைத் தேடிச் சென்ற கையூத்ரா பகதூர், 2013இல் வெளியிட்ட ஆங்கில நூலின் தலைப்பிலேயே ‘கூலி’ என்ற சொல்லைத் துணிந்து வைத்திருக்கிறார். புனைகதையல்ல, வரலாறு, ஆனால் நாவல்போல் படிக்கலாம்.

அந்த நூலைத் தமிழாக்க நேர்ந்தால் தலைப்பை எப்படி எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். ‘கூலிப் பெண்’ என்றால் நமக்கு அது நாட்சம்பளத்துக்கு வேலை செய்பவள், அவ்வளவுதான். ஆங்கிலத் தலைப்பில் இருக்கிற அறை அதில் இல்லை. ‘கூலிக்காரி’ என்றால் சற்று நெருங்கி வருகிறது, ஆனால் அது நாம் ஏசும் ஏச்சு, கப்பல் கொம்பனிக்காரன் ஏசியது அல்ல. நண்பரின் நாவலிலும் இதே சிக்கல் இருக்கிறது. துரை ஆங்கிலத்தில் ‘கூலி’ என்று சொல்வதைத் தமிழில் ‘கூலி’ என்றே எழுதினால், தமிழ் வாசகன் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிறார் என்றல்லவா எண்ணுவான்? இதற்கு வழி கண்ட மொழிபெயர்ப்பாளர்கள் யாரேனும் நேயர்களிடையே இருந்தால் எழுதுங்கள். வரும் கடிதங்களை அடுத்த நிகழ்ச்சியில் வாசிக்கிறேன்.